ஃபேஜ் டிஸ்ப்ளேயும் கல்லீரல் வைரஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெபடைடிஸ் போன்ற கல்லீரல் வைரஸ்களை மடக்க வழி தேடி, 12 வருடமாக ஃபேஜ் டிஸ்ப்ளேயோடு மாரடிக்கிறேன். என்ன வேலை என்று கேட்பவரிடம் விளக்க ஆரம்பித்தால், மூன்றாவது வாக்கியத்துக்குள் "அப்போ காமாலைக்கு மருந்து வந்துடுச்சா?" என்று மடக்கிவிடுவார்கள். கல்யாணப் பந்தி, ரயில் பெட்டி, கல்லூரிக் கருத்தரங்கு எல்லா இடத்திலும் ஏறக்குறைய அதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். முன்பே சொன்னதை மறுபடி சொல்லாமல் இருக்க, மேலே இருந்து வரிசையாகப் படிப்பது நல்லது.

ஃபேஜ் டிஸ்ப்ளேங்கிறீங்களே, அது ஊசியா, மாத்திரையா?

இரண்டும் இல்லை. அது ஒரு தேடும் முறை. பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ்களுக்கு ஃபேஜ் என்று பெயர். அந்த ஃபேஜின் மரபணுவில் நமக்கு வேண்டிய ஒரு புரதத் துண்டுக்கான குறிப்பைச் செருகினால், அந்தத் துண்டு ஃபேஜின் மேலுடம்பில் முளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்மித் இதை 1985-ல் செய்து காட்டினார்.

இதில் என்ன பெரிய விஷயம்? சரக்கு முதுகில், அதைச் செய்யும் குறிப்பு மடியில். ஒரு துண்டு எதையாவது இறுகப் பிடித்துக்கொண்டால், அந்த ஃபேஜைத் தனியே எடுத்து உள்ளே இருக்கும் மரபணுவைப் படித்தால் போதும், அது எந்தத் துண்டு என்று தெரிந்துவிடும். அதே ஃபேஜை பாக்டீரியாவில் வளர்த்து, ஒரே இரவில் கோடிக்கணக்கான நகல்களும் எடுத்துக்கொள்ளலாம்.

ஃபேஜும் வைரஸ்தானே? உடம்புக்குள்ள விட்டா நமக்கே வினையாகாதா?

நாங்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது எம்13 என்ற ஃபேஜ். தடிமன் 6 அல்லது 7 நானோமீட்டர், நீளம் சுமார் 900 நானோமீட்டர், நூலிழை மாதிரி இருக்கும். ஈ.கோலை பாக்டீரியாவின் சில வகைகளுக்குள் மட்டும்தான் நுழையும். நம் கல்லீரல் செல்லுக்குள் புகுந்து பெருகும் வழி அதற்குத் தெரியாது.

அதோடு, இந்த வேலையில் ஃபேஜை யாருக்கும் ஏற்றுவதில்லை. தேடல் முழுக்கக் குழாயிலும் தட்டிலும் நடக்கும். கிடைத்த துண்டைத் தனியாகச் செய்து, மருந்தாகுமா என்று பார்ப்பது அதற்கப்புறம் நடக்கும் வேலை. சீழ்ப்புண்ணுக்கு ஃபேஜ் கொடுத்துப் பாக்டீரியாவைக் கொல்லும் சிகிச்சை ஒன்று உண்டு. அது வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றாக்கி வரும் வாட்ஸ்அப் செய்திகளைத் தயவுசெய்து எனக்கு அனுப்பாதீர்கள், ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

சரி, எப்படித் தேடுவீங்க? கோடிக்கணக்குல ஒண்ணைக் கண்டுபிடிக்கிறது லேசா?

நகைப் பட்டறைகள் இருக்கும் தெருவில் விடியற்காலையில் மண்ணைக் கூட்டி அள்ளிப் போய், தண்ணீரில் அலசி அலசிப் பொன் துகள் எடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் வேலையும் அதேதான். ஆற்று மண்ணில் பொன் அலசும் வேலைக்கு உள்ள பேனிங் என்ற சொல்லைத்தான் இதற்கும் வைத்திருக்கிறார்கள்.

வைரஸின் ஒரு புரதத்தைப் பிளாஸ்டிக் தட்டின் குழியில் ஒட்டவைக்கிறோம். அதன்மேல் 100 கோடிக்கும் மேற்பட்ட வெவ்வேறு துண்டுகளைச் சுமந்த ஃபேஜ் கலவையை ஊற்றுகிறோம். இந்தக் கலவைக்கு நூலகம் என்று பெயர். ஒட்டாதவை கழுவலில் போய்விடும். ஒட்டியவற்றை அமிலக் கரைசலால் பிரித்து, பாக்டீரியாவில் பெருக்கி, மறுபடி ஊற்றி, இன்னும் கடுமையாகக் கழுவுகிறோம். மூன்று நான்கு சுற்றில் கலவையில் பெரும்பாலும் பிடிவாதக்காரர்களே மிஞ்சுவார்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று நாள். அலுப்பான வேலைதான், ஆனால் புதிர் இல்லை.

நோபல் பரிசே குடுத்தாங்களே, அப்போ மருந்து வந்திருக்கணுமே?

வந்திருக்கிறது. 2018 வேதியியல் பரிசில் ஒரு பாதி ஃபிரான்சஸ் ஆர்னால்டுக்கு, அவர் செய்தது நொதிகள் பற்றிய வேலை. மறு பாதியை ஜார்ஜ் ஸ்மித்தும் கேம்பிரிட்ஜின் கிரெகரி வின்டரும் பகிர்ந்துகொண்டார்கள். வின்டரின் குழு 1990-ல் ஆன்டிபாடியின் (கிருமியைப் பிடிக்க உடம்பு செய்யும் புரதம்) பிடிக்கும் பகுதியையே ஃபேஜின் மேல் ஏற்றியது. அந்த வழியில் பிறந்த அடலிமுமாப் 2002-ல் முடக்குவாதத்துக்கு அனுமதி பெற்றது. ஆந்த்ராக்ஸ் நஞ்சுக்கு எதிரான ராக்ஸிபாகுமாப், 2012.

ஆனால் ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் வைரஸுக்கு உங்கள் டாக்டர் எழுதித் தரும் டெனோஃபோவிரும் என்டெகாவிரும் இந்த வழியில் வந்தவை அல்ல. இதில் ஒரு வேடிக்கை: அடலிமுமாப் போடும் முன் ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் அடங்கிக் கிடக்கும் அந்த வைரஸை அது கிளப்பிவிடக்கூடும். ஃபேஜ் டிஸ்ப்ளேயின் புகழ்பெற்ற பிள்ளைக்கும் கல்லீரல் வைரஸுக்கும் இதுவரை இருக்கும் உறவு அப்படிப்பட்டது.

எனக்கு ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ்னு வந்திருக்கு. ஆனா காமாலையே வந்ததில்லையே?

காமாலை என்பது அறிகுறி, நோயின் பெயர் அல்ல. கண்ணும் சிறுநீரும் மஞ்சளாவதற்குப் பித்தக்கல் உட்படப் பல காரணங்கள் உண்டு. ஹெபடைடிஸ் வைரஸ்களில் ஏ, இ இரண்டும் கெட்ட தண்ணீர், உணவு வழியாக வரும், பெரும்பாலும் தானே போய்விடும். பி, சி இரண்டும் ரத்தம் வழியாகப் பரவும். பி உடலுறவிலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் போகும். இந்த இரண்டும்தான் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் தங்கி, கல்லீரலைச் சுருக்கி, சிலருக்குப் புற்றுநோயில் கொண்டுபோய் விடும்.

பிறந்த சில நாளில் பி தொற்றினால் 10-ல் 9 குழந்தைகளுக்கு நிரந்தரமாகத் தங்கிவிடும். வளர்ந்தவர்களுக்குத் தொற்றினால் 100-ல் 5 பேருக்கும் குறைவாகத்தான் தங்கும். உங்களுக்குக் காமாலை வராததற்கு அநேகமாக அதுவே காரணம்: குழந்தைப் பருவத்திலேயே, உடம்புக்கு எதிர்த்துச் சண்டை போடத் தெரியாத வயதில் வந்து உட்கார்ந்திருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-ல் 25.4 கோடிப் பேர் இப்படி பி-யோடு வாழ்ந்தார்கள், 5 கோடிப் பேர் சி-யோடு.

வைரஸைப் பிடிக்கிற ஆன்டிபாடி வேணும்னா எதை வேணா பிடிக்கலாமே, இடம் பார்த்துப் பிடிக்கணுமா?

இந்தத் துறையின் மொத்த சூட்சுமமும் இந்தக் கேள்வியில் இருக்கிறது. ஹெபடைடிஸ் பி வைரஸ் 42 நானோமீட்டர் உருண்டை. அது தன் மேலுறைப் புரதத்தை வைத்து, உள்ளே சரக்கே இல்லாத 22 நானோமீட்டர் வெற்று உருண்டைகளையும் ரத்தத்தில் கொட்டும். ஒரு நிஜ வைரஸுக்கு ஆயிரம் முதல் லட்சம் வரை போலிகள். மேலுறையைப் பிடிக்கும் சாதாரண ஆன்டிபாடியைக் கொடுத்தால், அதில் பெரும்பகுதி போலிகளைப் பிடித்தே தீர்ந்துபோகும். ஊர் முழுக்கப் பொய்க்கால் குதிரையை நிறுத்திவிட்டு, நிஜக் குதிரை சந்துவழியாகப் போய்விடுகிற கதை.

ஆனால் கல்லீரல் செல்லின் கதவைத் திறப்பது மேலுறையின் நுனியில் இருக்கும் ப்ரீ-எஸ்1 என்ற பகுதி. அது நிஜ வைரஸில் நிறைய இருக்கும், வெற்று உருண்டைகளில் மிகக் குறைவு. அந்தக் கதவு எது என்பது பல ஆண்டு தேடலுக்குப் பிறகு 2012-ல்தான் தெரிந்தது: பித்த உப்புகளைச் செல்லுக்குள் இழுக்கும் என்.டி.சி.பி என்ற புரதம். கண்டுபிடித்தது பெய்ஜிங்கில் வென்ஹூய் லீயின் குழு. அவர்களும் கூட்டாளிகளும் மனித ஆன்டிபாடிகள் கொண்ட ஃபேஜ் நூலகத்தில் ப்ரீ-எஸ்1 துண்டை இரையாக வைத்துத் தேடி 2எச்5 என்ற ஆன்டிபாடியை எடுத்தார்கள். அதைக் கூர்தீட்டிய வடிவம் பற்றி 2017-ல் எழுதினார்கள். புதிய செல்களில் வைரஸ் நுழைவதைத் தடுத்ததோடு, எலிகளில் ஏற்கெனவே தொற்றிய செல்களை ஒழிக்கவும் அது உதவியது. எனக்குப் பிடித்த ஆய்வு இது. காரணம், பெரிய நூலகம் வைத்திருந்ததைவிட, எதை இரையாக வைப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

செல்லுக்குள்ள போன வைரஸை இதை வெச்சுப் பிடிக்க முடியாதா?

முயன்றிருக்கிறார்கள், அதுவும் வெகு முன்பே. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் டைசனும் கென்னத் மர்ரேயும் 1995-ல் ஒரு கேள்வி கேட்டார்கள்: செல்லுக்குள் வைரஸின் உட்கூடு தயாராகிறது, அதன்மேல் மேலுறை வந்து போர்த்துகிறது, இரண்டும் சேரும் இடத்தில் ஒரு ஆப்பைச் செருகினால் என்ன? ஆறு அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டும் செங்கல்கள்) கொண்ட துண்டுகளின் ஃபேஜ் நூலகத்தை உட்கூட்டின் மேல் அலசினார்கள். லியூசின், லியூசின், கிளைசின், ஆர்ஜினின், மெத்தியோனின், லைசின் என்ற வரிசை சிக்கியது. அது உட்கூட்டோடு மேலுறை சேர்வதைத் தடுத்தது. 1998-ல் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, உட்கூட்டின் மேல் துருத்தி நிற்கும் முட்களின் நுனியில் போய் அது உட்கார்ந்திருந்தது.

பிறகு ஏன் மருந்தாகவில்லை? பெப்டைடு என்னும் இப்படிப்பட்ட சிறு புரதத் துண்டு தானாகச் செல்லின் சவ்வைத் தாண்டாது. வாயில் போட்டால் வயிற்றில் செரித்துவிடும், ரத்தத்தில் ஏற்றினால் சீக்கிரம் சிதையும். பூட்டுக்குச் சாவி கிடைத்தது, வீட்டுக்குள் போக வழி கிடைக்கவில்லை. ஆனாலும் வைரஸின் எந்த முனையில் கைவைத்தால் அதன் உற்பத்தி நிற்கும் என்று அந்த ஆறு எழுத்துகள் காட்டின. பெப்டைடு பற்றி வரும் செய்திகளில் பாதி இந்த இடத்தில்தான் நிற்கின்றன. தலைப்பில் மட்டும் "மருந்து தயார்" என்று இருக்கும்.

ஹெபடைடிஸ் சி-க்குத்தான் மாத்திரையிலயே குணமாகுதே, அதுல எதுக்கு இந்த ஆராய்ச்சி?

உண்மைதான். 2013-ல் சோஃபோஸ்புவிர் வந்த பிறகு, கூட்டு மாத்திரைகளை 8 முதல் 12 வாரம் சாப்பிட்டால் 100-ல் 95-க்கும் மேற்பட்டோருக்கு வைரஸ் போய்விடுகிறது. சிகிச்சைக்கு ஃபேஜ் டிஸ்ப்ளே தேவையில்லை என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் குணமானவருக்கு மறுபடி தொற்றலாம், தடுப்பூசியும் இன்னும் இல்லை. இந்த வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால், எல்லா வகைக்கும் பொதுவான, மாறாத இடம் எது என்று தெரிந்தாக வேண்டும்.

அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தில் அதைத் தேடியவர்கள், நாள்பட்ட தொற்று இருந்த ஒருவரின் ஆன்டிபாடிகளையே ஃபேஜ் நூலகமாக்கினார்கள். அதில் கிடைத்த ஏஆர்3 வகை ஆன்டிபாடிகள், வைரஸின் இ2 புரதத்தில் அது நம் செல்லைத் தொடும் இடத்தையே மூடுகின்றன. மனிதக் கல்லீரல் செல்களை ஏற்ற எலிகளை அவை தொற்றிலிருந்து காத்தன என்று 2008-ல் எழுதினார்கள். 2013-ல் ஏஆர்3சி பிடித்திருக்கும் நிலையிலேயே இ2-வின் மையப் பகுதியின் வடிவமும் வெளிவந்தது. தடுப்பூசி வரைபவர்களுக்கு அது வரைபடம் மாதிரி.

ஹெபடைடிஸ் சி-யைக் கண்டுபிடிச்சதே ஃபேஜ் டிஸ்ப்ளேலதான்னு எங்க புரொஃபசர் சொன்னார், நிஜமா?

முக்கால் உண்மை. 1989-ல் கைரான் நிறுவனத்தின் மைக்கேல் ஹௌட்டன், குய்-லிம் சூ, ஜார்ஜ் குவோ குழு, தொற்றிய சிம்பன்சியின் ரத்தத்திலிருந்த மரபுப்பொருளைத் துண்டு துண்டாக்கி லாம்டா என்ற ஃபேஜில் ஏற்றி, அதை நோயாளியின் ரத்தநீரால் சோதித்தது. சுமார் பத்து லட்சம் துண்டுகளைச் சலித்ததில் ஒன்று சிக்கியது. ஃபேஜ் உண்டு, ஆன்டிபாடி உண்டு, சலிப்பும் உண்டு. ஆனால் அங்கே புரதம் ஃபேஜின் முதுகில் நிற்கவில்லை. ஃபேஜ் புகுந்த பாக்டீரியா உடைந்து சிந்தியதைத் தாளில் ஒற்றிப் பார்த்தார்கள். ஃபேஜ் டிஸ்ப்ளேக்கு அது பங்காளி முறை என்று உங்கள் பேராசிரியரிடம் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

வைரஸே இல்லாம வெறும் ரத்தத்தை வெச்சுத் தடுப்பூசி கண்டுபிடிக்கலாமாமே?

கேட்க மாயாஜாலம் மாதிரி இருக்கும், ஆனால் தர்க்கம் எளிது. தடுப்பூசி போட்டவர் ரத்தத்தில் வைரஸைப் பிடிக்கும் ஆன்டிபாடி இருக்கும். அதையே இரையாக வைத்து, எந்த அடிப்படையும் இல்லாமல் கண்டபடி சேர்த்த பெப்டைடு நூலகத்தை ஊற்றினால், வைரஸின் சாயல் கொண்ட துண்டுகள் வந்து ஒட்டும். ரோமுக்கு அருகே பொமேசியாவில் இருந்த ஆய்வுக்குழு 1994-ல் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டவர்களின் ரத்தநீரை வைத்து இதைச் செய்தது. அப்படிக் கிடைத்த துண்டுகளைத் தாங்கிய ஃபேஜை விலங்குகளுக்குப் போட்டபோது, அவற்றின் உடம்பு வைரஸின் மேலுறைக்கு எதிராகவே ஆன்டிபாடி செய்தது.

ஹெபடைடிஸ் பி-க்கு அதைத் தடுப்பூசியாக்க வேண்டிய அவசியம் வரவில்லை. ஈஸ்டில் தயாரிக்கும் தடுப்பூசி 1986-லிருந்து நன்றாகவே வேலை செய்கிறது.

ஒரு பெப்டைடு நல்லா ஒட்டுதுன்னா அதுவே ஆதாரம் ஆகாதா?

ஆகாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆராய்ச்சிப் படிப்பின் இரண்டாம் வருடம், நான்கு சுற்றும் அலசி முடித்து, டிரிப்டோஃபான் நிறைந்த ஒரு பெப்டைடைப் பிடித்தேன். மூன்று மாதம் அதோடு குடும்பம் நடத்தினேன். கடைசியில் வெறும் பிளாஸ்டிக் குழியில் ஊற்றிப் பார்த்தால் அங்கேயும் அதே பிடி. அது வைரஸ் புரதத்தைப் பிடிக்கவில்லை, தட்டைப் பிடித்திருந்தது.

இன்னொரு வகைத் திருடனும் உண்டு. ஹிஸ்டிடின், அலனின், ஐசோலியூசின், டைரோசின், புரோலின், ஆர்ஜினின், ஹிஸ்டிடின் என்ற ஏழெழுத்து வரிசை, ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத இலக்குகளுக்கெல்லாம் கிடைத்ததாகப் பல கட்டுரைகளில் வந்தது. 2008-ல் காரணம் தெரிந்தது: அதைச் சுமந்த ஃபேஜில் ஒரு மரபணு மாற்றம் இருந்தது, அதனால் அது மற்றவற்றைவிட வேகமாகப் பெருகியது. எதையும் பிடிக்கவில்லை, பந்தியில் முந்தியது, அவ்வளவுதான். ஆகவே "புதிய பெப்டைடு கண்டுபிடிப்பு" என்று படித்தால், இலக்கு இல்லாத தட்டில் சோதித்தார்களா, ஃபேஜிலிருந்து பிரித்துத் தனியாகச் செய்த பெப்டைடும் ஒட்டியதா என்று பாருங்கள். இல்லையென்றால் பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

12 எழுத்து நூலகம் 7 எழுத்தைவிட நல்லதுதானே சார்?

மாணவர்கள் கேட்பது. எழுத்து என்றால் இங்கே ஒரு அமினோ அமிலம். 20 அமினோ அமிலங்களை 7 இடத்தில் நிரப்ப 128 கோடி வழி. 100 கோடி ஃபேஜ் இருந்தால் அதில் பெரும்பகுதியைத் தொட்டுவிடலாம். 12 இடம் என்றால் 4,000 லட்சம் கோடிக்கும் மேல், அதே 100 கோடியில் கடலில் ஒரு கை தண்ணீர். நீளம் கூடினால் பிடி இறுகலாம். ஆனால் கிடைத்தது தேடியதிலேயே சிறந்தது என்று சொல்லும் உரிமை போய்விடும்.

வைரஸ் உருமாறிட்டா இந்த ஆன்டிபாடி வீணாயிடாதா?

ஆகலாம். ஹெபடைடிஸ் பி மேலுறையின் 145-வது இடத்தில் கிளைசின் போய் ஆர்ஜினின் வந்தால், வழக்கமான ஆன்டிபாடிகள் பல வழுக்கிவிடும். ப்ரீ-எஸ்1 போன்ற இடத்தைக் குறிவைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: கதவைத் திறக்கும் சாவியின் பல்லை வைரஸ் இஷ்டத்துக்கு மாற்றினால், கதவு அதற்கே திறக்காது.

அப்போ ஹெபடைடிஸ் பி முழுசா குணமாகுமா ஆகாதா, நேரா சொல்லுங்க.

இந்த வழியில் மட்டும் ஆகும் என்று நான் நம்பவில்லை. வைரஸ் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் தன் மரபணுவை வட்ட வடிவில் சுருட்டி ஒளித்து வைக்கிறது. மாத்திரை நகலெடுப்பதை அடக்கும், அந்த வட்டத்தைத் தொடாது. ஆன்டிபாடி வெளியே இருப்பதைப் பிடிக்கும், உள்ளே போகாது. நடக்கக்கூடியது என்று நான் நினைப்பது கூட்டுச் சிகிச்சை: மாத்திரை உற்பத்தியை அடக்க, ஆன்டிபாடி வெளியே மிஞ்சியதைத் துடைத்துப் புதிய செல்களைக் காக்க, சோர்ந்துபோன நோயெதிர்ப்பு மறுபடி எழுந்துகொள்ள.

நுழைவாயிலை அடைப்பது வீண்வேலை அல்ல என்பதற்குச் சாட்சி உண்டு. பி-யின் மேலுறையை இரவல் வாங்கி வாழும் டி வைரஸுக்கு, 2020-ல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற புலவெர்டைடு, ப்ரீ-எஸ்1-ஐப் போலவே செய்த 47 அமினோ அமிலப் பெப்டைடு. அது ஃபேஜ் டிஸ்ப்ளேயில் பிறந்தது அல்ல. ஆனால் அடைக்கும் கதவு அதே என்.டி.சி.பி.

கீழாநெல்லி இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு?

இதைச் சிரித்துத் தள்ள மாட்டேன். 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பெற்ற பாரூக் பிளம்பெர்க்கோடு சேர்ந்து, லான்செட் இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு மேலுறைப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்தது, வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. ஒட்டுகிறது என்பதற்கு நான் மேலே கேட்ட அதே நிபந்தனைதான் இதற்கும்: இன்னொருவர் கையிலும் வேலை செய்ய வேண்டும்.

புது மருந்து வர்ற வரைக்கும் மாத்திரையை நிறுத்திட்டுக் காத்திருக்கலாமா?

கூடவே கூடாது. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் வைரஸ் சீறிக் கிளம்பி, கல்லீரலே செயலிழந்த சம்பவங்கள் உண்டு. 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசமாகவே கிடைக்கின்றன. வீட்டில் இருப்பவர்களுக்கும் சோதித்து, தொற்று இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போடுங்கள். தாய்க்குத் தொற்று இருந்தால் குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போட்டுவிட வேண்டும், அதோடு ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த ஆன்டிபாடி ஊசியும். பிரசவத்துக்குச் சேரும்போதே இதைச் சொல்லி வையுங்கள்.

எங்க அப்பாவுக்குத் தானாவே நெகட்டிவ் ஆயிடுச்சு. அவர் ரத்தம் உங்க லேபுக்கு உபயோகப்படுமா, கூரியர்ல அனுப்பட்டுமா?

உபயோகப்படலாம். ஸ்கிரிப்ஸ் நூலகமே ஒரு நோயாளியின் உடம்பிலிருந்து வந்ததுதான் என்று மேலே சொன்னேன். வைரஸை விரட்டியவரின் ஆன்டிபாடி என்றால் ஆர்வம் இன்னும் அதிகம். ஆனால் நெறிமுறைக் குழுவின் அனுமதி, அப்பாவின் எழுத்துபூர்வமான சம்மதம், ரத்தம் எடுப்பவர், குளிர்பெட்டி என்று அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. அவருக்குச் சிகிச்சை தந்த மருத்துவமனையில் ஆராய்ச்சிப் பிரிவு இருந்தால் அங்கே கேளுங்கள். ஃப்ளாஸ்கில் போட்டு அனுப்பாதீர்கள். ஒருவர் அப்படி அனுப்பி, எங்கள் வாசல் காவலர் அதைக் காபி என்று நினைத்துவிட்டார்.